யாரும் திறக்காத டப்பா!

டிரிங்... டிரிங்... டிரிங்...!

சானிட்டைசர் ஃபோனை எடுக்கவில்லை. எடுக்கிற நிலைமையில் இல்லை.

இரண்டு கையிலும் ரப்பர் உறை. எதிரே பிரித்துப் போட்ட லேப்டாப் ஒன்று. கீபோர்டைக் கழற்றித் தட்டியதும் வெள்ளைத் துணியில் உதிர்ந்தவை... நகங்கள்! வெட்டிய நகங்கள்!

எண்ணினாள். பதினான்கு.

"ரெண்டு கைக்கும் பத்துதானே..." என்று முணுமுணுத்தவள், அடுத்த நொடியே விஷயம் புரிந்து முகத்தைச் சுளித்தாள்.

"கால் நகமுமா? தூ!"

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. செத்துப்போன ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஃபைல்களை மீட்டுத் தருவது அவள் தொழில். கடைக்கு வருகிற எதையும் துடைக்காமல் தொடமாட்டாள். அதனால் சானிட்டைசர். இருபது வருஷத் தொழிலில் மனித ஜாதியின் மேல் அவளுக்கு மிஞ்சியது அருவருப்பு மட்டும்தான். வெளியே இருக்கிற அழுக்கையாவது துடைத்துவிடலாம். டிஸ்க்குக்கு உள்ளே ஜனங்கள் சேர்த்து வைத்திருக்கிற அழுக்கை என்ன செய்வது?

டிரிங்...!

உறையைக் கழற்றி எறிந்துவிட்டு எடுத்தாள். இன்ஸ்பெக்டர்.

"அக்கா! சாப்பிட்டாச்சா?"

"இனிமே எங்க சாப்பிடறது? விஷயத்தைச் சொல்லுங்க சார்."

"ஒரு பேக்கப் டிரைவ். பூட்டியிருக்கு. திறக்கணும்."

"யாரோடது?"

"ஒரு ரத்தப் பரிசோதனை லேபோடது. அங்க ரிப்போர்ட் டைப் பண்ற ஆளு நேத்து காலைல செத்துட்டாரு."

"எப்படி?"

"மண்டைல மைக்ராஸ்கோப்!"

அரை மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் கடைக்குள் நுழைந்தார். பின்னாலேயே சென்ட் வாசனை நுழைந்தது. அதற்குப் பின்னால்தான் அந்த மனிதர் நுழைந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பற்கள், இடது உள்ளங்கையில் புதிதாக ஒரு பிளாஸ்திரி.

"இவர்தான் லேப் முதலாளி" என்றார் இன்ஸ்பெக்டர். "தங்கமான மனுஷன். எங்க ஸ்டேஷனுக்கே வருஷா வருஷம் இலவசமா செக்கப் பண்ணித் தர்றவரு."

"சேவைதான் மேடம்..." முதலாளி கையை நீட்டினார்.

சானிட்டைசர் அந்தக் கையில் இரண்டு சொட்டு சானிட்டைசர் விட்டாள்.

"தேய்ச்சுக்கங்க. டிரைவ் எங்க?"

இன்ஸ்பெக்டர் சீல் வைத்த உறையைப் பிரித்தார். உள்ளங்கை அளவில் ஒரு கறுப்பு டிரைவ். துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். துணியில் பழுப்பாக ஏதோ ஒட்டியது.

"ரத்தம்" என்றார் இன்ஸ்பெக்டர் சாவகாசமாக.

"முன்னாடியே சொல்றதுக்கு என்ன சார் கேடு?"

கதையை இன்ஸ்பெக்டர் நாலு வரியில் முடித்தார். நேற்று காலை ஒன்பதரை மணி. லேபில் ரத்தம் எடுக்கிற பெண் ஒருத்தி வேலைக்கு வந்திருக்கிறாள். அடுத்து ஒரு அலறல்! பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடிப்போய்ப் பார்த்தால்... டைப்பிஸ்ட் மேஜை மேல் குப்புறக் கிடக்கிறார். கம்ப்யூட்டரில் எல்லாம் அழிந்துபோய்த் திரை வெறிச்சென்று இருக்கிறது. இந்த டிரைவ் அந்தப் பெண்ணின் கைப்பைக்குள்!

"கேஸ் கண்ணாடி மாதிரி இருக்கு. டிரைவைத் திருடி, இவர்கிட்ட பணம் கறக்கலாம்னு பாத்திருக்கா. டைப்பிஸ்ட் தடுத்திருக்காரு. போட்டுத் தள்ளிட்டா. சாயந்திரம் அஞ்சு மணிக்கு கோர்ட்ல நிறுத்தி உள்ள தள்ளப் போறோம்."

"அவ என்ன சொல்றா?"

"வாயே திறக்க மாட்டேங்கறா. சாவி என்னன்னு கேட்டா, சுவத்தைப் பாக்கறா."

"நீங்க எங்க இருந்தீங்க சார்?" சானிட்டைசர் முதலாளியைப் பார்த்துக் கேட்டாள்.

"நான் மூணு நாளா ஊர்லயே இல்லை மேடம். நேத்து மத்தியானம்தான் வந்தேன். விஷயம் கேட்டு உடம்பே ஆடிப்போச்சு."

ஆடிப்போன உடம்பு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்தது.

சானிட்டைசர் டிரைவைச் சொருகினாள். விளக்கு எரிந்தது. வட்டு சுற்றியது. கேபிளை மாற்றிப் பார்த்தாள். வேறு துளையில் சொருகிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அதே சின்னப் பெட்டிதான் திரையில் வந்து நின்றது. பாஸ்வேர்டு கொடு!

"டிரைவ் நல்லா இருக்கு சார். உள்ள இருக்கறதை மொத்தமா என்கிரிப்ட் பண்ணியிருக்காங்க. பாஸ்வேர்டு தெரியலைன்னா, ரெக்கவரி கீ வேணும். அவசரத்துக்கு வெச்சிருக்கற மாத்துச் சாவி."

"அது எப்படி இருக்கும்?"

"நாப்பத்தெட்டு இலக்கம். ஆறு ஆறா எட்டு கூட்டம். ஒவ்வொரு கூட்டமும் பதினொண்ணால மிச்சமில்லாம வகுபடும். தப்பா டைப் அடிச்சா உடனே தெரியணும்னு அப்படி ஏற்பாடு."

"ஊகிச்சுப் போட முடியாதா?"

"முடியும். நம்ம பேரனுக்குப் பேரன் பொறந்தப்புறமும் போட்டுக்கிட்டே இருக்கலாம்."

அவள் விரல்கள் தட்டின. பூட்டைத் திறக்காமலே பூட்டு எப்போது போடப்பட்டது என்று படிக்க முடியும். படித்தாள்.

"பத்து நாளைக்கு முன்னாடி பூட்டினது."

"பத்து நாளாவா?" இன்ஸ்பெக்டர் புருவத்தைத் தூக்கினார். "தினமும் இதுல பேக்கப் எடுத்துக்கிட்டுதானே இருந்தாங்க? யாரும் கவனிக்கலையா?"

"லேப் கம்ப்யூட்டர்ல மட்டும் தானா திறந்துக்கற மாதிரி வெச்சிருப்பாங்க. அங்க சொருகினா பூட்டு இருக்கறதே தெரியாது. வேற எதுல போட்டாலும் முறைக்கும். அந்தக் கம்ப்யூட்டரை அழிச்சாச்சு. அதோட தானா திறக்கற வழியும் போச்சு."

முதலாளி பெருமூச்சு விட்டார்.

"விடுங்க மேடம். எத்தனை கம்ப்யூட்டர் மாத்தினாலும் வேஸ்ட்தான். என் லேப்டாப்ல போட்டும் இதே பெட்டிதான் வந்துச்சு. திறக்க முடியாதுன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துடுங்க. சாரும் கேஸை முடிச்சிடுவாரு. அப்புறம் டிரைவை மொத்தமா அழிச்சு எங்கிட்டயே குடுத்துடுங்க. நோயாளிங்களோட அந்தரங்கம் உள்ள இருக்கு பாருங்க... அதுதான் எனக்குக் கவலை."

சானிட்டைசரின் கை ஒரு கணம் நின்றது.

*என் லேப்டாப்ல போட்டும்...*

நேற்று ஒன்பதரை மணிக்கு இந்த டிரைவ் அந்தப் பெண்ணின் பைக்குள் இருந்தது. பத்து மணியிலிருந்து போலீஸ் உறைக்குள் இருந்தது. மூன்று நாளாக ஊரிலேயே இல்லாதவர் இதை எப்போது லேப்டாப்பில் போட்டுப் பார்த்தார்? ஊருக்குப் போகுமுன்பே பூட்டைப் பார்த்திருந்தால், சும்மா விட்டுவிட்டா போயிருப்பார்?

அவள் டிரைவைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"எனக்கு ரெண்டு மணி நேரம் வேணும். ரெண்டு பேரும் வெளிய போய் டீ குடிச்சிட்டு வாங்க" என்றாள்.

*

ஒன்றரை மணிக்கு ஸ்டேஷன்.

ரத்தம் எடுக்கிற பெண் பெஞ்ச் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. முதலாளியும் கூடவே உள்ளே நுழைந்ததைப் பார்த்தவள், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"பாரும்மா..." சானிட்டைசர் குரலைத் தாழ்த்தினாள். "நான் போலீஸ் இல்லை. டிரைவ் ரிப்பேர் பண்றவ. அஞ்சு மணிக்கு உன்னை உள்ள தள்ளிடுவாங்க. கொலைக் கேஸ். சாவி எங்க?"

அந்தப் பெண் முதலாளியைப் பார்த்தாள். அவர் பற்கள் தெரியச் சிரித்தார்.

"சொல்லிடும்மா. நான் உன் அப்பா மாதிரி."

அவள் உடம்பு சிலிர்த்தது. பயத்தில் அல்ல. குமட்டலில். சானிட்டைசருக்கு அந்தச் சிலிர்ப்பு நன்றாகப் பழக்கம்.

"டைப்பிஸ்ட் அண்ணன் நல்லவருக்கா" என்றாள் அந்தப் பெண் மெதுவாக. "அவர் பொண்ணுக்கு நான்தான் ரத்தம் எடுத்தேன். எல்லாம் நார்மல்னு ரிப்போர்ட் வந்துச்சு. அவரே டைப் அடிச்சாரு. மறு வாரமே குழந்தையை ஐசியூல சேத்தாங்க. வேற எடத்துல பாத்தா எதுவுமே நார்மல் இல்லை."

"பேசாதே!" முதலாளியின் குரல் உயர்ந்தது. "சார், இவ கதை விடறா!"

"அதுக்கும் சாவிக்கும் என்னம்மா சம்பந்தம்?" இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டார்.

அந்தப் பெண் சானிட்டைசரின் கண்ணையே பார்த்தாள்.

"எங்க லேப்ல நாங்க எடுத்து வெக்கிற எதையும் யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்கக்கா. ஃப்ரிட்ஜ்ல வெச்சா வெச்சதுதான்."

அவ்வளவுதான் சொன்னாள். மறுபடியும் சுவரைப் பார்த்தாள்.

"பைத்தியம்" என்றார் முதலாளி.

"லேபைப் பாக்கணும் சார்" என்றாள் சானிட்டைசர்.

"எதுக்கு?"

"கம்ப்யூட்டரைப் பாக்காம லெட்டர் எழுதிக் குடுத்தா நாளைக்குக் கோர்ட்ல என்னைக் கேப்பாங்க. நீங்க வந்து பதில் சொல்வீங்களா?"

*

லேபின் முன் அறை பளபளத்தது. கண்ணாடி, குளிர்சாதனம், சுவர் நிறையச் சிரிக்கும் குடும்பங்களின் படங்கள்.

பின் அறைக் கதவைத் திறந்ததும் சானிட்டைசர் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

சே! என்ன நாற்றம் இது!

கழுவுத் தொட்டி அடைத்துக்கொண்டிருந்தது. அதில் செம்பழுப்பாக ஏதோ தேங்கி, ஓரத்தில் காய்ந்து தோலாகப் படிந்திருந்தது. தொட்டி நிரம்பியதால் கீழே ஒரு பக்கெட். பக்கெட்டும் நிரம்பியிருந்தது. மேலே காலி ரத்தக் குழாய்கள் மிதந்தன. இரண்டு ஈக்கள் மூன்றாவது ஈயைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன.

"இது என்ன சார்?"

"கழிவு மேடம். டெஸ்ட் முடிஞ்சதை ஊத்திடுவோம்" என்றார் முதலாளி அவசரமாக.

"டெஸ்ட் முடிஞ்சதையா?"

மூலையில் ரத்தம் பரிசோதிக்கும் பெரிய மெஷின். அருகில் போய் உற்றுப் பார்த்தாள். கடையிலிருந்து வந்தபோது ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள்கூட இன்னும் பிரிக்கப்படவில்லை. மின்சார ஒயர் கட்டிய கட்டு அவிழாமல் சுருண்டு கிடந்தது.

"மெஷின் பிளக்கே பாக்கலையே சார்! ரிப்போர்ட் எங்கேருந்து வருது?"

"அது... ஸ்பேர் மெஷின்."

இன்ஸ்பெக்டர் மெஷினைப் பார்த்தார். பக்கெட்டைப் பார்த்தார். அவர் முகம் லேசாக மாறியது.

"என் மாமியார் ரிப்போர்ட்கூட இங்கதான்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவர் ஃபோன் அடித்தது. பேசிக்கொண்டே முன் அறைக்கு நகர்ந்தார்.

சானிட்டைசர் டிரைவையும் லேப்டாப்பையும் மேஜை மேல் வைத்தாள். நேராக ஃப்ரிட்ஜுக்குப் போய்த் திறந்தாள்.

மேல் தட்டில் குளிர்பானப் பாட்டில்கள். நடுத் தட்டில் பாதி தின்ற கேக். கீழ்த் தட்டில், வரிசையாக... எட்டு சிறுநீர் டப்பாக்கள்!

ஃப்ரிட்ஜை மூடிவிட்டு ஓடலாம் போலிருந்தது.

ஆனால் மூளை நகரவில்லை.

வருகிற ரத்தத்தையெல்லாம் பக்கெட்டில் கொட்டுகிற லேப் இது. எதையும் பரிசோதிக்காத லேப். அப்படிப்பட்ட லேபில் எட்டே எட்டு டப்பாவை மட்டும் மூடி இறுக்கிப் பத்திரமாக வைத்தது யார்?

புது உறையை மாட்டிக்கொண்டு, இரண்டு விரலால் முதல் டப்பாவைத் தூக்கினாள். மஞ்சள் திரவம் குலுங்கியது. கண்ணை இடுக்கி லேபிளைப் படித்தாள்.

வயது 41. சாம்பிள் எண் 418033.

அடுத்தது. வயது 42. எண் 275902.

அடுத்தது. வயது 43. எண் 106414.

மேஜை மேல் கிடந்த ரிஜிஸ்டரைப் புரட்டினாள். லேபின் சாம்பிள் எண்கள் எல்லாம் நாலே இலக்கம். இந்த எட்டு மட்டும் ஆறு இலக்கம். வயது நாற்பத்தொன்றிலிருந்து நாற்பத்தெட்டு வரை வரிசை பிசகாமல்!

ஃபோனில் கணக்குப் போட்டாள். 418033... வகுத்தல் பதினொன்று... 38003. மிச்சமில்லை!

275902... 25082. மிச்சமில்லை!

எட்டும் வகுபட்டன. சானிட்டைசருக்கு ரோமம் சிலிர்த்தது.

அடிப் பாவி மகளே! சாவியை ஒளித்து வைத்தாயா, அதுவும் இங்கேயா? பணத்துக்காக ஜனங்களின் ரத்தத்தைச் சாக்கடையில் கொட்டுகிறவன் பீரோவைத் திறந்து பார்ப்பான், பையைக் கொட்டிப் பார்ப்பான். சாம்பிளைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான்!

டிரைவைத் திருட அவள் பூட்டவில்லை. டைப்பிஸ்டும் அவளும் சேர்ந்து சாட்சியை இவனிடமிருந்து பூட்டியிருக்கிறார்கள்.

"என்ன மேடம்... சிரிக்கறீங்க?"

முதலாளியின் குரல் மிக அருகில் கேட்டது.

"ஒண்ணுமில்லை சார். ஒரு சந்தேகம். இந்த டிரைவை உங்க லேப்டாப்ல போட்டுப் பாத்ததா சொன்னீங்களே... எப்போ?"

"அது... போன..." அவர் நிறுத்தினார். பற்கள் மறைந்தன.

"ஞாயித்துக்கிழமை இருக்குமா? வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் போட்டீங்க. பூட்டியிருந்துச்சு. திங்கக்கிழமை காலைல டைப்பிஸ்ட்கிட்ட சண்டைக்கு வந்தீங்க. சரிதானே?"

"உளறாதீங்க! சாவி இல்லாம எதை நிரூபிப்பீங்க?"

"சாவி இல்லைன்னு யார் சொன்னா?"

அவள் லேப்டாப் பக்கம் திரும்பினாள். கட்டத்தில் முதல் ஆறு எண்களைத் தட்டினாள். கட்டம் மறுப்பு சொல்லாமல் ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆறு. ஏற்றுக்கொண்டது. மூன்றாவது...

முதலாளியின் கண்கள் திரையிலிருந்து டப்பாக்களுக்குப் போயின. டப்பாக்களிலிருந்து திரைக்கு வந்தன. முகம் வெளுத்தது.

அடுத்த நொடி பாய்ந்தார்!

கேபிளோடு டிரைவைப் பிடுங்கினார். பிளாஸ்திரி உரிந்து தொங்க, இடது கையால் அதைப் பக்கெட்டுக்குள் அழுத்தினார். முழங்கை வரை உள்ளே விட்டு, பிடித்துக்கொண்டே நின்றார். குழாய்கள் கடகடவென்று மோதின. பழுப்புத் தண்ணீர் வழிந்து தரையில் ஓடியது.

"ஏய்ய்ய்!" வாசலில் இன்ஸ்பெக்டர்!

"கை... கை தவறிடுச்சு சார்!" முதலாளிக்கு மூச்சு வாங்கியது. முகத்தில் மட்டும் நிம்மதி ஏறிக்கொண்டிருந்தது. "ஐயோ பாவம்... அந்தப் பொண்ணோட ஒரே ஆதாரம். இனிமே சாவி இருந்தும் என்ன பிரயோஜனம்?"

கையை வெளியே எடுத்தார். டிரைவின் துளைகளிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்தது.

இன்ஸ்பெக்டர் தலையில் கை வைத்தார்.

"போச்சு... அக்கா, எல்லாம் போச்சே! இதைக் காயவெச்சு ஏதாவது..."

"அதைத் தொட்டா என் கையையே வெட்டிப் போட்டுடுவேன்" என்றாள் சானிட்டைசர்.

உறையைக் கழற்றினாள். கையைத் துடைத்தாள். கைப்பையைத் திறந்து, இன்னொரு டிரைவை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

முதலாளியின் சிரிப்பு அப்படியே நின்றது.

"அது... என்ன?"

"உங்க டிரைவ்தான் சார். பிட் பிட்டா, பூட்டோட சேத்து நகல். ரெண்டு மணி நேரம் கதவைச் சாத்திக்கிட்டு நான் என்ன பண்ணினேன்னு நினைச்சீங்க? எங்க தொழில்ல அசலை யாரும் நோண்ட மாட்டாங்க. முதல் வேலை நகல் எடுக்கறது. அசலைத் தொட்டீங்கன்னா, அது ஆதாரத்தை அழிக்கறதுக்கு மட்டும்தான்னு தெரியும். உங்க பக்கத்துலயே வெச்சேன். தொட்டுட்டீங்க. சாரும் பாத்துட்டாரு."

எட்டு டப்பா. நாற்பத்தெட்டு எண்கள். நகல் டிரைவ் திறந்தது!

முதல் ஃபோல்டரில் தொட்டியில் ரத்தம் கொட்டப்படும் படங்கள். அடுத்ததில் ஒரே ரிப்போர்ட்டைப் பெயர் மாற்றி மாற்றி நானூறு பேருக்குக் கொடுத்த ஃபைல்கள். இன்ஸ்பெக்டர் குனிந்து தேடினார். மாமியார் பெயர் இருந்தது. அதே எண்கள்தான், ஒரு ஐந்து வயதுப் பையனின் ரிப்போர்ட்டிலும் இருந்தன.

"அடப்பாவி..." என்றார் அவர்.

கடைசி ஃபோல்டரில் லேபின் கேமராப் பதிவுகள். கம்ப்யூட்டரில் இடமில்லை என்று டைப்பிஸ்ட் அவற்றை இந்த டிரைவுக்கே திருப்பிவிட்டிருந்தார். கம்ப்யூட்டரை அழித்தவருக்கு அது தெரியாது.

திங்கட்கிழமை. காலை ஒன்பது பன்னிரண்டு.

ஊரிலேயே இல்லாத முதலாளி கதவைத் திறந்து வருகிறார். டிரைவை மேஜையில் எறிகிறார். டைப்பிஸ்ட் அதைச் சொருகுகிறார். பதிவு அந்த நிமிஷத்தில்தான் ஆரம்பிக்கிறது. திரையில் தொட்டியின் படங்கள் விரிகின்றன. டைப்பிஸ்ட் திரும்பாமலே ஏதோ சொல்கிறார். முதலாளி பக்கத்து மேஜையிலிருந்த மைக்ராஸ்கோப்பை இரண்டு கையாலும் தூக்குகிறார்...

அந்த லேபில் அது முதல்முறையாகப் பயன்பட்டது அப்போதுதான். அதன் உடைந்த கண்ணாடி அவர் இடது உள்ளங்கையைக் கிழித்ததும் தெளிவாகத் தெரிந்தது. கம்ப்யூட்டரை அழித்து முடித்த நேரத்தில் அந்தப் பெண் வந்துவிட, அவர் டிரைவை விட்டுவிட்டுப் பின்பக்கமாக நழுவியிருக்கிறார்; அவள் முதலில் டிரைவைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பிறகுதான் அலறியிருக்கிறாள்.

சானிட்டைசர் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருபது வருஷத்தில் எத்தனையோ அசிங்கங்களைப் பார்த்திருக்கிறாள். இவ்வளவு அசிங்கமாக ஒன்றைப் பார்த்ததில்லை. அந்த மனிதனை நேரே பார்க்கவும் அவளுக்குக் கூசியது.

இன்ஸ்பெக்டர் ஃபோனை எடுத்தார். குரலில் தூக்கமே இல்லை.

"ஸ்டேஷனா? அந்தப் பொண்ணுக்கு ஒரு டீ வாங்கிக் குடு. ஜீப்ல உக்காத்தி வெச்சு வீட்டுக்கு அனுப்பு... என்னது கோர்ட்டா? கோர்ட்டுக்கு வேற ஆள் வர்றாரு!"

விலங்கு மாட்டப் போனவர், முதலாளியின் சொட்டும் கையைப் பார்த்துத் தயங்கினார். சானிட்டைசர் ஒரு ஜோடி ரப்பர் உறையை அவரிடம் நீட்டினாள்.

க்ளிக்!

அப்போதுதான் முதலாளி தன் உள்ளங்கையைக் கவனித்தார். பிளாஸ்திரி போயிருந்தது. வெட்டுக்காயம் வாய் பிளந்து நனைந்திருந்தது. அவர் பக்கெட்டைப் பார்த்தார். காயத்தைப் பார்த்தார். உடம்பு நிஜமாகவே ஆட ஆரம்பித்தது.

"மேடம்... மேடம்! இந்தப் பக்கெட்ல யார் யார் ரத்தமோ கலந்திருக்கு! யாருக்கு என்ன வியாதியோ தெரியாதே! எனக்கு உடனே டெஸ்ட் பண்ணணும்... சார், டெஸ்ட் பண்ணணும் சார்!"

"கண்டிப்பா பண்ணிக்கங்க" என்றாள் சானிட்டைசர், லேப்டாப்பைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டே.

"ஆனா நல்ல லேபா பாத்துப் போங்க!"